கொரற்றி திறந்து காட்டாத போன்

அன்று எங்கள் தெருவுக்கு மீன் வரவில்லை. நாகர்கோவிலுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. குளச்சல் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, அலுமினியச் சட்டியோடு லூர்தம்மாள் வந்தால்தான் எங்கள் வீட்டில் மத்தியானக் குழம்பு. அம்மா தேங்காய் அரைத்து, புளி கரைத்து வைத்துவிட்டு வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "மழயும் இல்ல, பந்தும் இல்ல. இவளுக்கு இன்னைக்கு என்ன கேடு?" என்றாள். பக்கத்துத் தெருவிலும் மீன்காரப் பெண்களைக் காணோம், சந்தையிலும் காணோம் என்று சற்று நேரத்தில் தெரிந்தது. அப்போதுதான் எங்கள் இதழின் ஆசிரியர் போனில் கூப்பிட்டார். கொரற்றி விடியற்காலையில் இறந்துவிட்டாள் என்றார்.

அவளோடு ஒரே அறையில், ஒரே மேசையில் வருடக்கணக்காக வேலை பார்த்தவன் நான். எனக்குச் செய்தி வந்தபோது மாவட்டத்தில் பாதிச் சந்தைகள் மீனில்லாமல் கிடந்தன. சட்டி தூக்குகிற பெண்கள் எல்லாரும் அவள் வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். என் அம்மா அரைத்த தேங்காய்க்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை பிறகு வந்தது. முதலில் வந்தது பொறாமை. ஒருத்தி செத்தால் சந்தை நிற்கிறது. நான் செத்தால் எது நிற்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்காது.

நீ எழுது, நீதான் அவளோடு நெடுநாள் இருந்தவன் என்று ஆசிரியர் சொன்னார். மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தேன் என்பது உண்மை. அங்கே உட்கார்ந்து அவளைப் பார்த்து வயிறெரிந்தேன் என்பதும் உண்மை. இந்த இதழை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். உங்கள் ஊருக்கு வந்திருப்பாள், உங்கள் வீட்டில் கட்டன்சாயா குடித்திருப்பாள், உங்கள் மகனின் திருமணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்திருப்பாள். அவளைப் புனிதையாக்கி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அவள் ஊர் குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரைக் குக்கிராமம். அப்பா கடலில் போனவர், திரும்பவில்லை. அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தாள். எங்கள் இதழில் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை பிழை திருத்துவது. என்னுடைய கட்டுரைகளைத்தான் திருத்தினாள். ஒருமுறை, மீன்சட்டியோடு வரும் பெண்களைச் சில பஸ்களில் ஏற்றுவதில்லை என்று நான் எழுதினேன். பணிமனையில் விசாரித்தேன், ஓட்டுநர் சங்கத்தில் பேசினேன், விதிகளைப் படித்தேன். நல்ல கட்டுரை என்றுதான் நினைத்தேன். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்: "மக்கா, இதுல சட்டி எங்க?"

எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் அவளே ஒன்று எழுதிக்கொண்டு வந்தாள். நாற்றம் என்று சொல்லி நடுவழியில் இறக்கிவிடப்பட்ட ஒரு பெண், வெயிலில் பாலத்தடியில் நின்று, சட்டியில் இருந்த சாளை கெட்டுப்போவதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததை அந்தப் பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்திருந்தாள். என் கட்டுரை உள்பக்கத்துக்குப் போனது. அவளுடையது அட்டைக்குப் போனது. அந்தப் பெண் வேறு யாருமில்லை, எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற லூர்தம்மாள். நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்து எங்கள் வாசலில் மீன் நறுக்கித் தருகிறவள். அவள் பெயரை நான் தெரிந்துகொண்டதே கொரற்றியின் கட்டுரையை வாசித்துத்தான். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் "மீன்காரி". தண்ணீர் கேட்டால் தனிச் செம்பு.

பிறகு நானும் லூர்தம்மாளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கடலில் என்ன விசேஷம், துறையில் என்ன சங்கதி என்றெல்லாம் கேட்டேன். "நெத்திலி உண்டு, அயில உண்டு, எது வேணும் தம்பி?" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடைக்காது. அதே லூர்தம்மாள் எங்கள் வாசலைத் தாண்டியதும் மதில் நிழலில் நின்று போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, எங்கள் தெருவில் யார் கடன்காரன், யார் வீட்டு மாப்பிள்ளை எந்தப் படகில் பினாமியாகப் பணம் போட்டிருக்கிறான் என்பது வரை கொரற்றிக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத வராது. குரலை அனுப்புவார்கள். காலையில் அலுவலகத்துக்கு வந்தால் கொரற்றி காதில் போனை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள், பூசையில் உட்கார்ந்திருப்பது போல. ஏலம், மானியம், டீசல், அடி, உதை, பிள்ளைப்பேறு எல்லாம் அந்தக் காதுக்குள் போகும்.

ஒவ்வொரு குரலும் ஒரே மாதிரி முடியும். "கேட்டுட்டு அழிச்சிரு மக்கா."

அந்த வழக்கம் போலீசுக்குப் பயந்து வந்ததில்லை. ஒரு பெண் தன் புருஷன் செய்கிற அக்கிரமத்தைப் போனில் சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே போன். மகன் விளையாட எடுத்தவன் அதை எல்லாருக்கும் கேட்கும்படி ஓடவிட்டான். அப்போது புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவள் ஏலத்துக்கு வந்தபோது வாயைத் திறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் ஒரு முடிவு செய்தார்கள். அனுப்பியதும் அனுப்பியவள் அழிக்க வேண்டும். கேட்டதும் கொரற்றி அழிக்க வேண்டும். சும்மா சொன்னால் போதாது. அந்தியில் விற்றுவிட்டுத் திரும்புகிற பெண்கள் பஸ் நிறுத்தத்தில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவார்கள். சட்டி கவிழ்ந்திருந்தால் மீன் தீர்ந்தது என்று அர்த்தம். கொரற்றியும் அந்த நேரத்துக்கு அங்கே போவாள். ஒவ்வொருத்தியிடமும் போனைக் காட்டுவாள். "கவுத்தியாச்சா?" என்று கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்து, வெறும் பக்கத்தைக் கண்ட பிறகுதான் அவர்கள் வேறு பேச்சுப் பேசுவார்கள். உளவு பார்க்கிற அரசாங்கத்தைப் பற்றி நாமெல்லாம் இப்போதுதான் பயந்து எழுதுகிறோம். அவர்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

நான் அதைப் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் நம்பவில்லை. எந்தப் பத்திரிகைக்காரன் கையில் கிடைத்ததை அழிப்பான்? நான் ஒரு பஸ் டிக்கெட்டைக்கூட எறியாதவன். அவர்கள் முன்னால் அழித்துக் காட்டிவிட்டு வேறெங்கோ ஒரு பிரதி வைத்திருக்கிறாள் என்றே நினைத்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். "அழிச்சிருவேன்னு சொல்லியாச்சுல்லா. பின்ன எதுக்கு வைக்கணும்?" என்றாள். சாமர்த்தியக்காரி, என்னிடமும் மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் போனுக்குள் இந்த மாவட்டமே இருக்கிறது என்பது என் எண்ணம். அதை ஒருமணி நேரம் என்னிடம் கொடுத்தால் நான் என்னென்ன எழுதுவேன் என்று படுக்கையில் கிடந்து கணக்குப் போட்டதுண்டு.

அப்புறம் அந்தப் புயல்காற்று வந்தது. ஊர் பெயர், அலுவலகத்தின் பெயர் எதுவும் இங்கே வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். சில படகுகள் திரும்பவில்லை. பெண்கள் ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லா நடவடிக்கையும் எடுக்கப்படுகிறது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அப்போது உள்ளே ஓர் அதிகாரி போனில் யாரிடமோ பேசியது, சிறிய ஒலித்துண்டாக வெளியே வந்தது. ரெண்டு நாள் போனால் தானாகக் கரைக்கு வருவானுங்க, இல்லாவிட்டால் பிணம் தானாக வரும், தேடப் போய் எதற்கு டீசலைச் செலவு பண்ணணும் என்கிறார். பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்காதவர்கள் நம் மாவட்டத்தில் இருக்க முடியாது. முதலில் அது கொரற்றிக்குத்தான் வந்தது. குரல் யாருடையது என்பதை நன்றாக விசாரித்து உறுதி செய்துகொண்டு அவள் எழுதினாள். அதன் பிறகுதான் தேடுதலுக்கு ஆள் போனது. சிலர் உயிரோடு வந்தார்கள். சிலர் வரவில்லை.

சிரித்தவர்மேல் வழக்கு இல்லை. சிரிப்பை வெளியே விட்டவர்மேல்தான் வழக்கு.

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். நாம் அனுப்புகிற செய்தி, அனுப்புகிறவர் போனிலும் பெறுகிறவர் போனிலும் தவிர நடுவில் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டுப் போகிறது என்று செயலி நடத்துகிற கம்பெனிகள் சொல்கின்றன. அந்தப் பூட்டுக்கு எங்களுக்கும் ஒரு சாவி வேண்டும், முதலில் அனுப்பியது யார் என்றாவது சொல் என்று அரசாங்கம் கேட்கிறது. குற்றவாளியைப் பிடிக்க, பிள்ளைகளைக் காப்பாற்ற என்று காரணங்கள் சொல்கிறார்கள். அதில் நியாயமான காரணமும் இருக்கலாம். ஆனால் எங்கள் கண்ணுக்கு முன்னால் அந்தச் சாவி கேட்கப்பட்டது ஓர் அதிகாரியின் சிரிப்பு எப்படி வெளியே வந்தது என்று கண்டுபிடிக்கத்தான். டெல்லியில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுகிற விஷயம் எங்கள் ஊரில் இப்படித்தான் இருக்கும்: மேசைமேல் ஒரு போன், எதிரே ஒரு பெண், "நம்பரச் சொல்லும்மா" என்று ஒரு குரல்.

அந்த மேசைக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். துணைக்குப் போயிருந்தேன். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர், வெளி மாவட்டத்துக்காரர். டீ வரவழைத்தார். அந்த அலுவலகத்துக்குள்ளேயே வேலை செய்கிற யாரோதான் அதைப் பதிவு செய்து அனுப்பியிருக்க வேண்டும், அந்தப் பெயர் மட்டும் தெரிந்தால் போதும், உங்களை நாங்கள் தொந்தரவு பண்ண மாட்டோம் என்றார்.

"நீங்க படிச்சவங்க. ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா திறந்து காட்டிட்டு வீட்டுக்குப் போலாமே."

கொரற்றி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "சார் வீட்டுல மீன்சட்டிய மூடி வைப்பாங்களா?"

"வைப்பாங்க."

"உள்ள ஒண்ணும் இல்லேன்னா?"

"அப்புறம் எதுக்கும்மா மூடணும்?"

"எங்க வீட்டுல அப்பவும் மூடித்தான் சார் வைப்போம். பூன வந்து நக்கும்."

ஓரத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கொரற்றி டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள். போனை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். அவளை உள்ளே வைத்தார்கள்.

என் சட்டைப் பையிலும் ஒரு போன் இருந்தது. அதில் பல பூட்டுகள் போட்டிருந்தேன். எண் ஒன்று, விரல் ஒன்று, செயலிக்குத் தனியாக ஒன்று. கேட்டால் தரமாட்டேன் என்று சொல்ல ஒரு வாக்கியத்தை பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அரசியலமைப்புச் சட்டமெல்லாம் அதில் வரும். யாரும் கேட்கவில்லை. "தம்பி, நீங்க கிளம்புங்க" என்றார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது எனக்குள் இருந்தது கோபமா, அவமானமா என்று தெரியவில்லை. இந்த அரசாங்கம் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிற அளவுக்கு என் போனில் ஒன்றும் இல்லை.

சில வாரம் சிறையில் இருந்தாள். ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அனுமதி இல்லாமல் மாவட்டத்தைவிட்டுப் போகக்கூடாது என்பது நிபந்தனை. அவளைத் தனியே அனுப்பக்கூடாது என்று பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். தினமும் ஒருத்தி சட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி அவளோடு ஸ்டேஷனுக்குப் போவாள். சட்டியை வெளியே வை என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். வெளியே வைத்தார்கள். வாசலிலேயே வியாபாரம் நடந்தது. லூர்தம்மாள் முறை வருகிற நாளில் ஸ்டேஷன் எழுத்தருக்கு விளமீன் தனியாக எடுத்து வைப்பாள். எழுத்தர் விலை குறைக்கச் சொன்னால், "கேச வாபஸ் வாங்கு, சும்மாவே தாறேன்" என்பாள். கொரற்றி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். போன் மட்டும் வரவில்லை. சென்னைக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போய், திறக்க முடியாமல் திரும்பி வந்து, மறுபடியும் வேறெங்கோ அனுப்பப்பட்டது என்று அவளுடைய வக்கீல் சொன்னார்.

அந்த நாட்களில் ஒருமுறை வட்டக்கோட்டைக்குப் போனோம். நுழைவுச் சீட்டுக் குத்தகை பற்றி ஏதோ ஒரு செய்திக்காக. வேலை முடிந்து கோட்டைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தோம். கீழே சுற்றுலா வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன். யார் அனுப்பினார்கள் என்று என்னிடம் மட்டும் சொல் என்றேன். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும் என்றேன்.

"தெரியும். உன்ன அடிச்சாலும் சொல்ல மாட்ட."

"பின்ன?"

"நீ பொறாமையில கேக்க மக்கா. பயத்துல கேட்டிருந்தாக்கூடச் சொல்லிருப்பேன்."

நான் எழுந்து போய்விட்டேன். திரும்பும் பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு எரிந்தது. இறங்கும்போது என் மடியில் ஒரு பொட்டலம் வறுகடலையைப் போட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகுதான் மார்பில் கட்டி, புற்றுநோய். கடற்கரையில் இந்த நோயைப் பற்றிப் புதிதாக நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு ஞாபகம் வரும். அங்கிருந்து இதற்கு எல்லாரும் போவது திருவனந்தபுரத்துக்கு. பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். ஆனால் அது வேறு மாநிலம். அனுமதி கேட்டு மனுப்போட வேண்டும். மனு போட்டார்கள். எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. தள்ளிப் போனது. மறுபடி அவகாசம், மறுபடி தள்ளிப் போனது. கையெழுத்துப் போட வந்தவளிடம் இன்ஸ்பெக்டர், மரியாதை குறையாமலே, "நம்பரச் சொல்லிட்டா நாளைக்கே போலாமேம்மா, இதுல எனக்கு என்ன சந்தோஷம்?" என்றாராம். அவருக்குச் சந்தோஷம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். சந்தோஷம் இல்லாமலே இதையெல்லாம் செய்ய முடிகிறது என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அனுமதி வந்தது. அவள் போன அன்று அங்கே டாக்டர், இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டாராம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. பெரியவர்கள் பேசினார்கள், ஒரு கட்சிக்காரர்கூட வந்து பேசினார். பெண்கள் யாரும் பேசவில்லை. மண் போட்டு முடித்ததும் அவர்கள் எல்லாரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அன்று யாரும் மீன் எடுக்கவில்லை, ஆனாலும் சட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். கவிழ்த்துப் போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் லூர்தம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போன் இனி என்ன ஆகும், அவள் போய்விட்டதால் வழக்கும் போய்விடும், ஆனால் அந்தப் போனை எப்படியாவது உடைத்துத் திறந்துவிட்டால் அதில் இருக்கிற உங்கள் குரல்கள் எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டேன்.

லூர்தம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "என்ன குரலு?"

"நீங்க அனுப்பினது. அந்த ஆபீஸ்லேருந்து வந்தது."

"அதெல்லாம் அன்னைக்கே கவுத்தியாச்சே. இந்தா, நான்தான் தொட்டுப் பாத்தேன். போன்ல ஒண்ணும் கிடையாது தம்பி."

ஒன்றும் இல்லாத போனுக்கா சிறைக்குப் போனாள், ஒன்றும் இல்லாத போனுக்கா திருவனந்தபுரத்துக்குப் போகாமல் இருந்தாள் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

போலீஸ் கூப்பிட்ட அன்று காலையிலேயே கொரற்றி அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். லூர்தம்மாள் அதை அப்படியே சொன்னாள்: "இது பூட்டிக் கெடக்க வரைக்கும் அவிய இதத்தான் நோண்டிக்கிட்டு இருப்பாவ. தொறந்து ஒண்ணும் இல்லேன்னு கண்டா, பின்ன உங்க ஒவ்வொருத்திக்க போனயும் தேடி வீட்டுக்கு வருவாவ." அனுப்பியவளுடைய போனில் அந்த ஒலித்துண்டு முழுசாக அழிந்திருக்குமா என்று அப்போது யாருக்கும் உறுதி இல்லை. அந்த அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தவள் அவள். பெயர் வெளியே வந்தால் வேலை போவது மட்டுமில்லை, அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரர்கள் அவளை வாழவிட்டிருக்க மாட்டார்கள். மற்றப் போன்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றி, அவளையும் அந்த வேலையிலிருந்து சந்தேகம் வராமல் மெல்ல விலக வைத்து, எல்லாம் முடிய நெடுநாள் ஆகியிருக்கிறது. அதுவரை ஸ்டேஷனும் ஆய்வுக்கூடமும் நீதிமன்றமும் ஒரு வெற்றுப் போனின் முன்னால் நின்றுகொண்டிருந்தன. கொரற்றி அவர்களை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தாள்.

"கட்டின்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் சொன்னேன்," என்றாள் லூர்தம்மாள். "இப்பமாது தொறந்து குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போ பிள்ளே, வாறது வரட்டு, நாங்க பாத்துக்கிடுதோம்னேன். அப்பம் அந்தக் குட்டிக்க போன் இன்னும் மாத்தல்ல. சிரிச்சா. 'இவ்வளவு நாளு மூடி வச்சாச்சு லூர்தக்கா. இன்னும் கொஞ்ச நாளு'ன்னா."

பஸ் ஒன்று வந்து, நிற்காமல் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவ நல்லா இருக்கா. அது போதும் உனக்கு."

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "எழுதுவேல்லா? போன்ல ஒண்ணும் இல்லன்னு எழுது. ஸ்டேஷன்ல உள்ளவியளும் வாசிக்கட்டு." அப்போதுதான் அவர்கள் சிரித்தார்கள். அடக்கம் முடிந்து அன்று முதல் முதலாக.

ஆகவே எழுதுகிறேன். அந்தப் போனில் ஒன்றும் இல்லை, ஐயா. எங்கே வைத்திருக்கிறீர்களோ அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் என் பொறாமை தீரவில்லை. வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் போனுக்குள் இருப்பதாக நினைத்த செய்திகளுக்காக முன்பு அவள்மேல் பொறாமைப்பட்டேன். இப்போது அந்தச் சட்டிகளின் வரிசையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். எத்தனையோ பெண்கள், ஒருத்திக்கொருத்தி ஏலத்தில் முடியைப் பிடித்துக்கொள்கிறவர்கள், ஒரே போனை வீட்டில் எல்லாரோடும் பங்கு வைக்கிறவர்கள், இந்த ஒரு விஷயத்தை இத்தனை காலம் வெளியே விடவில்லை. எந்தக் கம்பெனியின் பூட்டும் அதற்குத் தேவைப்படவில்லை. அதே காலத்தில் நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, என் போனில் புதிதாகப் போட்டிருக்கிற பூட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

அவள் நினைவாக எல்லாரும் படங்கள் போடுகிறார்கள். அவள் அனுப்பிய வாழ்த்துகளை, கிண்டல்களைப் பகிரலாம் என்று தேடிப் பார்க்கிறார்கள், கிடைக்கவில்லை என்கிறார்கள். கிடைக்காது. யாருக்கு எழுதினாலும் ஒருநாளில் மறைந்துவிடும்படி வைத்திருந்தாள். என் போனிலும் அவள் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. இறப்பதற்கு முந்தைய வாரம் அதில் எனக்கு ஒரு வரி எழுதினாள். நான் வாசித்தேன். மறுநாள் போய்விட்டது. என்ன எழுதினாள் என்று ஆசிரியர் கேட்டார், அம்மா கேட்டாள், லூர்தம்மாள்கூட மீன் நறுக்கிக்கொண்டே கேட்டாள். சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தை மட்டும் வைத்திருக்கிறேன். மேலே அவள் பெயர், கீழே வெறுமை. அதற்குத் தனியாக ஒரு பூட்டுப் போட்டிருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. யார் கேட்டாலும் திறந்து காட்ட மாட்டேன்.